பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி தேவைப்படுமோ என்று தோன்றினால் எங்கிருந்து தொடங்குவது?

முதலில் ஒரு நோட்டு எடுங்கள். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால், பள்ளியில் பேசுவதற்கு முன்னால், நள்ளிரவில் இணையத்தில் தேடித்தேடி மனதைப் புண்ணாக்கிக்கொள்வதற்கு முன்னால். சாதாரண நாற்பது பக்க நோட்டு போதும்.

என் மகனுக்கு இரண்டே கால் வயதானபோது ஏதோ சரியில்லை என்று எனக்குத் தோன்றியது. டாக்டர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் "அப்பப்போ பண்ணுவான்", "சில நேரம் திரும்பிப் பார்ப்பான்" என்றுதான் என்னால் பதில் சொல்ல முடிந்தது. "பையன்கள் லேட்டாகத்தான் பேசுவார்கள், பொறுத்துப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். எட்டு மாதம் போய்விட்டது. அடுத்த முறை போனபோது ஆறு வாரக் குறிப்புகள் என் கையில் இருந்தன. கேள்விகள் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் அன்றைக்கே வளர்ச்சி மதிப்பீட்டுக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

அதனால் எழுதி வைப்பதைப் பற்றித்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன். டாக்டர் மாறுவார், தெரபிஸ்ட் மாறுவார், வருடா வருடம் டீச்சர் மாறுவார். பிள்ளையின் கதையை ஆரம்பத்திலிருந்து தெரிந்து வைத்திருப்பவர் நீங்கள்தான். அந்தக் கதை உங்கள் நினைவில் மட்டும் இருந்தால், அவசரமான ஒரு சந்திப்பில் பாதி விட்டுப்போகும்.

முதல் அடி: பார்த்ததை எழுதுங்கள்

"இன்று ரொம்பப் பிடிவாதம்" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. "செருப்பு மாட்டச் சொன்னதும் தரையில் படுத்து 12 நிமிடம் அழுதான், தூக்கப் போனபோது தள்ளிவிட்டான்" என்று எழுதினால் படிக்கிறவர் கண்முன் அது நடக்கும். நம் கருத்தை விட்டுவிட்டு, ஒரு கேமரா என்ன பார்த்திருக்குமோ அதை எழுத வேண்டும்.

மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தை என்றால் இவற்றைக் கவனியுங்கள். பெயர் சொல்லிப் பத்து முறை கூப்பிட்டால் எத்தனை முறை திரும்புகிறது? வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா, உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறதா? விரல் நீட்டுவதிலும் இரண்டு விதம் உண்டு. "அதை எடுத்துக் கொடு" என்பதற்காக நீட்டுவது ஒன்று. "அங்கே பாரு, விமானம்!" என்று உங்களோடு பகிர்ந்துகொள்ள நீட்டுவது இன்னொன்று. இந்த இரண்டாவதைத்தான் மதிப்பீடு செய்கிறவர்கள் துருவித் துருவிக் கேட்பார்கள், ஏனென்றால் பேச்சு அதன்மேல்தான் வளர்கிறது. எத்தனை சொற்கள் சொல்கிறது, பொம்மைக்குச் சோறு ஊட்டுவது போன்ற பாவனை விளையாட்டு உண்டா, எப்போது தூங்கி எப்போது எழுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்த சொற்களையோ செய்துகொண்டிருந்த செயல்களையோ குழந்தை இழந்துவிட்டால் மட்டும் நோட்டு நிரம்பும்வரை காத்திருக்க வேண்டாம். எந்த வயதானாலும் உடனே டாக்டரிடம் போங்கள்.

செல்போனில் ஒரு நிமிட வீடியோக்கள் எடுத்து வையுங்கள். சாப்பிடும்போது, தனியாக விளையாடும்போது, மற்ற பிள்ளைகள் நடுவில் இருக்கும்போது, கோபம் வரும்போது. புது அறையில், புது முகத்துக்கு முன்னால் குழந்தை வேறு ஆளாகத்தான் இருக்கும். வீட்டில் இருக்கும் குழந்தையை டாக்டருக்குக் காட்ட வீடியோவை விட நல்ல வழி இல்லை.

இரண்டாம் அடி: காது, அப்புறம் மற்றவை

பேச்சு தாமதமானால் முதலில் செய்ய வேண்டியது முறையான காது கேட்கும் பரிசோதனை. "பின்னால் நின்று கை தட்டினால் திரும்புகிறானே" என்பது பரிசோதனை ஆகாது. சில அலைவரிசைகள் மட்டும் கேட்காமல் இருக்கலாம். நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டு பேச்சு தெளிவில்லாமல் காதில் விழலாம். அது தெரியாமல் மாதக்கணக்கில் ஸ்பீச் தெரபிக்கு அலைந்து பயனில்லை. பார்வையையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ஸ்கிரீனிங், அதாவது மேலும் பார்க்க வேண்டுமா என்று அறியும் முதல்கட்டச் சோதனை. ஆட்டிசம் என்பது மற்றவர்களோடு பழகுவதிலும் பேச்சிலும் நடத்தையிலும் வேறுபாடு காட்டும் ஒரு வளர்ச்சி நிலை. அதன் அறிகுறிகளைத் தேட, 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு எம்-சாட் என்ற கேள்வித்தாள் பரவலாகப் பயன்படுகிறது. ஆம், இல்லை என்று பெற்றோர் பதில் சொல்லும் 20 கேள்விகள். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 18, 24 மாதங்களில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஆட்டிசம் ஸ்கிரீனிங் செய்யச் சொல்கிறது. ஸ்கிரீனிங்கில் மதிப்பெண் கூடி வந்தால் "இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டும்" என்றுதான் அர்த்தம். அதையே நோயறிதலாக எடுத்துக்கொண்டு இடிந்துபோகாதீர்கள். குறைவாக வந்தும் உங்கள் மனது சமாதானம் ஆகவில்லை என்றால், அதைச் சொல்லி மறுபடி கேளுங்கள். தினமும் பார்க்கிற பெற்றோரின் கவலை நல்ல டாக்டருக்கு ஒரு தகவல்தான்.

எல்லாமே இந்த வயதில் தெரிந்துவிடாது. டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடு, குழந்தை முறையாக எழுதப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் உறுதியாகும்.

மதிப்பீட்டுக்குத் தேதி கிடைக்கப் பல மாதம் ஆகலாம். அந்த மாதங்களை வீணாக்க வேண்டாம். பேச வராத குழந்தைக்கு ஸ்பீச் தெரபி தொடங்க "ஆட்டிசம்" என்ற சொல் காகிதத்தில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. எது தடுமாறுகிறதோ அதற்கு இப்போதே உதவி கேளுங்கள்.

மூன்றாம் அடி: ரிப்போர்ட் கைக்கு வந்த நாள்

அந்த நாளைப் பற்றி நிறையச் சொல்ல மாட்டேன். அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். ரிப்போர்ட்டை மறுநாள் படியுங்கள், புரியாத வரிகளை நோட்டில் எழுதி அடுத்த சந்திப்பில் கேளுங்கள். அசல் பிரதியை யாரிடமும் கொடுக்காதீர்கள். நகல் எடுத்து, தேதி வாரியாக ஒரு ஃபைலில் போடுங்கள்.

ஆனால் குற்ற உணர்ச்சி பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். "கர்ப்பமாக இருக்கும்போது அழுதேன், அதனாலோ", "வேலைக்குப் போனேன், அதனாலோ" என்று ஒவ்வொரு அம்மாவும் தனக்குள் ஒரு விசாரணை நடத்துகிறாள். நானும் நடத்தினேன். ஒரு காலத்தில் மருத்துவ உலகமே இதைச் சொன்னது. தாயின் பாசக் குறைவுதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பலர் நம்பினார்கள். அந்த அம்மாக்கள் எத்தனை பேர் அந்தப் பழியைச் சுமந்தே வாழ்ந்திருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் எனக்கு மனது பதறுகிறது. பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் 1964இல் அந்தக் கருத்தை உடைத்து, இது நரம்பு மண்டலத்தின் அமைப்பு சார்ந்தது என்று வாதிட்டார். அவருடைய சொந்த மகனுக்கும் ஆட்டிசம் இருந்தது.

தடுப்பூசிப் பேச்சும் அப்படித்தான். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா ஆகியவற்றுக்கான எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் இணைத்து 1998இல் வெளியான கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. யாராவது அதை ஃபார்வர்டு செய்தால் இந்த இரண்டு வருடங்களையும் சொல்லுங்கள்.

பலவீனமான இந்த நாட்களில்தான் "மூன்று மாதத்தில் குணமாக்குகிறோம்" என்கிறவர்களும் வருவார்கள். ஒரு சின்ன அளவுகோல் சொல்கிறேன். நல்ல தெரபிஸ்ட் உங்களை உள்ளே உட்கார்ந்து பார்க்க விடுவார், வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று செய்து காட்டுவார், எந்த இலக்கை நோக்கிப் போகிறோம் என்பதை எழுதிக் கொடுப்பார். கதவைச் சாத்திக்கொண்டு உத்தரவாதம் தருகிறவரிடம் பிள்ளையை விட வேண்டாம்.

நான்காம் அடி: வீட்டு மொழியை விடாதீர்கள்

வேறு மொழி பேசும் ஊரில் வாழும் குடும்பங்களுக்கு இது மிக முக்கியம். "இவனுக்கு ஒரு மொழியே கஷ்டம், வீட்டில் தமிழை நிறுத்திவிட்டுப் பள்ளி மொழியில் மட்டும் பேசுங்கள்" என்று எங்களிடம் சொன்னார்கள். நாங்களும் கேட்டோம். ஏழு மாதம் வீட்டில் எல்லோரும் தயங்கித் தயங்கி இன்னொரு மொழியில் பேசினோம். பாட்டி பேசுவதையே நிறுத்திவிட்டார். தாலாட்டு நின்றது, கொஞ்சல் நின்றது, கதை நின்றது. அவனிடம் போய்ச் சேர வேண்டிய பேச்சின் அளவே பாதியாகிவிட்டது.

இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும் இரண்டு மொழிச் சூழல் கெடுதல் செய்வதாக ஆய்வுகள் காட்டவில்லை. எந்த மொழியில் உங்களால் யோசிக்காமல் கொஞ்சவும் திட்டவும் கதை சொல்லவும் முடியுமோ, அதில் பேசுங்கள். தெரபிஸ்டிடம் வீட்டில் புழங்கும் முப்பது சொற்களை எழுதிக் கொடுத்துவிட்டால், குழந்தை "தா" என்று சொல்லும்போது அதுவும் ஒரு சொல் என்று அவருக்குத் தெரியும்.

பேச்சு வரவே நாளானால் படங்களைக் கொண்டு வாருங்கள். ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் இருவரும் 1985இல் உருவாக்கிய பெக்ஸ் முறையில், குழந்தை ஒரு பட அட்டையை எடுத்து உங்கள் கையில் கொடுத்தால் அந்தப் பொருள் உடனே கிடைக்கும். தொடக்கத்தில் இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒருவர் எதிரே பொருளோடு இருப்பார், இன்னொருவர் பின்னாலிருந்து குழந்தையின் கையை மெல்ல வழிநடத்துவார். "படம் கொடுத்துப் பழகினால் பேசவே மாட்டான்" என்ற பயம் எல்லா வீட்டிலும் வரும். அப்படி நடப்பதில்லை. பல குழந்தைகளுக்குப் படமும், பேச உதவும் சாதனமும் பேச்சுக்கு உதவியாகவே அமைகின்றன. கேட்டது கிடைக்கிறது என்று புரிந்த பிறகு அழுகையும் குறையும்.

ஐந்தாம் அடி: பள்ளியோடு உட்காரும் நாள்

பல நாடுகளில் பள்ளி தரும் சிறப்புக் கல்வி உதவிக்கு எழுத்து வடிவில் ஒரு திட்டம் உண்டு. பெயர் ஊருக்கு ஊர் மாறும். 1975இல் அமெரிக்கா இயற்றிய சட்டத்திலிருந்து வந்த ஐஇபி, அதாவது தனிநபர் கல்வித் திட்டம் என்ற பெயர்தான் அதிகம் பழகியது. பிள்ளை இப்போது என்ன செய்கிறது, ஒரு வருடத்தில் எங்கே போக வேண்டும், அதற்கு யார் என்ன உதவி செய்வார்கள், முன்னேற்றத்தை எப்படி அளப்பார்கள் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். 2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆவது பிரிவு, எல்லோருடனும் சேர்ந்து படிக்கும் உரிமையையும் தனிப்பட்ட உதவியையும் பேசுகிறது. 180க்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றிருக்கின்றன. உங்கள் நாட்டின் சட்டம் எது என்று கண்டுபிடித்து, அதில் பெற்றோர் உரிமைகள் உள்ள பகுதியை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள்.

கோரிக்கையை வாயால் சொல்லாதீர்கள், தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். பல இடங்களில் எழுத்தில் கொடுத்த நாளிலிருந்துதான் பள்ளிக்கான காலக்கெடு ஓடத் தொடங்கும். திட்டத்தின் வரைவைச் சில நாட்கள் முன்பே கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள். கணவனோ மனைவியோ தங்கையோ நண்பரோ ஒருவர் கூட வந்து குறிப்பெடுக்கட்டும், ஏனென்றால் மேசையின் எதிர்ப்பக்கம் ஐந்து பேர் இருக்கும்போது நம் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

இலக்குகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். "தகவல் தொடர்புத் திறன் மேம்படும்" என்று எழுதியிருந்தால் அது ஒன்றுமே சொல்லாத வாக்கியம். வருடக் கடைசியில் மேம்பட்டது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். அதை இப்படி மாற்றச் சொல்லுங்கள்: "வகுப்பில் தனக்கு வேண்டியதை, யாரும் தூண்டாமல், சொல்லாலோ பட அட்டையாலோ ஐந்து வாய்ப்புகளில் நான்கு முறை கேட்பான். ஆசிரியர் வாரம் மூன்று நாள் குறித்து வைப்பார்." இதை யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கலாம்.

உதவிக்கும் கணக்குக் கேளுங்கள். "ஸ்பீச் தெரபி உண்டு" என்றால் வாரத்துக்கு எத்தனை நிமிடம்? தனியாகவா, குழுவிலா? யார் தருவார்? அவர் லீவு போட்டால் என்ன ஆகும்? இதெல்லாம் திட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.

இன்னொரு வேறுபாடு எனக்கு மிகத் தாமதமாகத்தான் புரிந்தது. அதே பாடத்தை வேறு வழியில் எட்ட உதவுவது ஒன்று. கூடுதல் நேரம், பெரிய எழுத்து, முன்வரிசை இருக்கை, எழுதுவதற்குப் பதில் வாயால் சொல்வது போன்றவை அந்த வகை. பாடத்தையே குறைத்துவிடுவது வேறு. பிந்தையதை ஒப்புக்கொண்டால் பின்னாளில் தேர்விலும் சான்றிதழிலும் அதன் விளைவு இருக்கலாம். எது தரப்படுகிறது என்று தெளிவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

அதே நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டாம். "வீட்டில் படித்துவிட்டுத் தருகிறேன்" என்று சொல்லி எடுத்து வாருங்கள். அன்று மாலையே "இன்று பேசியதில் எனக்குப் புரிந்தது இது" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். சண்டை மனநிலை தேவையில்லை. பெரும்பாலான சிறப்பு ஆசிரியர்கள் பிள்ளைமேல் உண்மையான அக்கறை உள்ளவர்கள், அவர்களுக்கும் எழுத்தில் இருப்பது உதவும்.

ஆறாம் அடி: வீட்டின் அன்றாடம்

சொன்ன சொல் காற்றில் போய்விடும், படம் கண்முன் நிற்கும். எரிக் ஷோப்ளர் 1972இல் வட கரோலினாவில் தொடங்கிய டீச் திட்டம் அட்டவணைகளைப் படமாக்கியது இதற்காகத்தான். பல் தேய்ப்பது, குளிப்பது, சாப்பிடுவது, பள்ளி என்று உங்கள் வீட்டிலேயே போட்டோ எடுத்து வரிசையாக ஒட்டுங்கள். முடிந்ததைக் குழந்தையே எடுத்துப் பெட்டியில் போடட்டும். இதுவும் அதிகம் என்றால் இரண்டே கட்டம் போதும்: முதலில், அப்புறம். முதலில் செருப்பு, அப்புறம் ஊஞ்சல். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதுதான் பல பிள்ளைகளுக்குக் கஷ்டம், அதனால் ஐந்து நிமிடம் முன்பே டைமரைக் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

கடிப்பது, அடிப்பது, தலையை மோதிக்கொள்வது என்று ஏதாவது இருந்தால் நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பின்னால் என்ன ஆனது. என் மகன் பள்ளியில் அடுத்த பிள்ளையைக் கடிக்கிறான் என்று புகார் வந்தது. மூன்று வாரம் டீச்சரும் நானும் எழுதினோம். வியாழக்கிழமைகளில் மட்டும்தான் நடந்திருந்தது. அன்றுதான் மூடிய அரங்கில் விளையாட்டு வகுப்பு, அங்கே விசில் சத்தம். காதை மூடும் ஹெட்போனும், வகுப்பு முடிந்ததும் பத்து நிமிடம் அமைதியான மூலையும் கொடுத்தோம். கடிப்பது அடியோடு குறைந்தது.

கேட்டது கிடைக்க அழுவதும், தாங்க முடியாமல் உடைந்து அழுவதும் வேறு. முதலாவதற்கு விட்டுக்கொடுக்காமல் நிற்கலாம். அப்போது அழுகை குறைவதற்கு முன் சில நாள் கூடும், தயாராக இருங்கள். இரண்டாவதில் பிள்ளை எதையும் கற்றுக்கொள்ளும் நிலையில் இல்லை. வெளிச்சம், சத்தம், பேச்சு எல்லாவற்றையும் குறைத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள்.

தூக்கத்தை முதலில் சரிசெய்யுங்கள். மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தொடர்ந்து தூங்காத குழந்தை என்றால் அதையே தனிப் பிரச்சினையாக டாக்டரிடம் கொண்டு போங்கள்.

பாதுகாப்பை நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம். சொல்லாமல் வெளியே ஓடிவிடும் பிள்ளைகள் உண்டு, அவர்களில் பலரைத் தண்ணீர் ஈர்க்கும். கதவில் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள், உடையில் உங்கள் எண், அக்கம்பக்கத்தில் நான்கு பேருக்கு விஷயம் தெரிந்திருப்பது, செல்போனில் அண்மைய போட்டோ ஆகியவை வேண்டும். காணவில்லை என்றால் முதலில் அருகிலுள்ள நீர்நிலையைப் பாருங்கள்.

தெரபியால் நாளை நிரப்பிவிடாதீர்கள். ஒரு நேரத்தில் இரண்டு, மூன்று இலக்குகள் போதும். சும்மா மடியில் கிடக்கவும் குழந்தைக்கு நேரம் வேண்டும்.

ஏழாம் அடி: வீட்டில் மற்றவர்கள்

பெற்றோர் இருவரும் ஒரே நாளில் ஒப்புக்கொள்வது அபூர்வம். என் கணவர் "நானும் லேட்டாகத்தான் பேசினேனாம்" என்று ஒரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். வாதாடிப் பயனில்லை என்று புரிந்ததும், "இரண்டு வாரம் நோட்டை நீங்கள் எழுதுங்கள்" என்று கொடுத்தேன். பதினோராவது நாள் இரவு அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் இருவரும் பேசவில்லை.

உறவினர்களுக்கு ஒரே வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: "அவன் கற்றுக்கொள்ளும் விதம் வேறு, நாங்கள் அதற்கான உதவி செய்துகொண்டிருக்கிறோம்." அதற்கு மேல் விளக்கம் தர வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

கூடப் பிறந்த பிள்ளையிடம் உண்மையை அதன் வயதுக்கு ஏற்றபடி சொல்லுங்கள். இது யாருடைய தப்பும் இல்லை, ஒட்டிக்கொள்ளாது என்று சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அது தானாக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். அக்கா என்பதற்காக அவளை இரண்டாவது அம்மா ஆக்கிவிடாதீர்கள். தினமும் பதினைந்து நிமிடமாவது அவளுக்கே அவளுக்காக ஒதுக்குங்கள், அந்த நேரத்தில் தம்பி பேச்சே வேண்டாம்.

புது வகுப்பு தொடங்கும்போது

ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் நோட்டிலிருந்து ஒரே ஒரு பக்கம் தயார் செய்து புது டீச்சரிடம் கொடுங்கள். இருபது பக்க ரிப்போர்ட்டை முதல் வாரத்தில் யாராலும் படிக்க முடியாது, ஒரு பக்கத்தைப் படித்துவிடுவார்கள். பிள்ளை எப்படித் தன் தேவையைச் சொல்லும், எது பயமுறுத்தும், உடையப் போகிறது என்பதற்கு முன் அறிகுறி என்ன, அப்போது எது அமைதிப்படுத்தும் என்று எழுதுங்கள். பிள்ளை சிரிக்கும் போட்டோ ஒன்றை மேலே ஒட்டுங்கள்.

ஆனால் முதல் வரி குறையைப் பற்றி இருக்கக் கூடாது. எங்கள் பக்கத்தின் முதல் வரி ஐந்து வருடமாக மாறவில்லை: "இவனுக்கு ரயில் பிடிக்கும், ரயிலைப் பற்றி ஏதாவது கேளுங்கள்."